அட்டாக் வந்த பிறகு இதய எம்.ஆர்.ஐ. எதற்கு?

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பாவுக்கு வயது 58. காப்பி எஸ்டேட்டில் பல்பிங் மெஷின் மெக்கானிக். ஐந்து மாதத்துக்கு முன் ஒருநாள் இரவில் நெஞ்சுவலி. வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் மலையிறங்கி சேலம் வந்து சேரும்போது காலை பத்து மணி. ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் குழாய் முழுவதுமாக அடைத்திருந்தது. மற்ற இரண்டு குழாய்களிலும் 70, 80 சதவீத அடைப்பு. எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 28. ஒரு டாக்டர் பைபாஸ் செய்யலாம் என்கிறார். இன்னொருவர், செத்துப்போன தசைக்கு பைபாஸ் செய்து என்ன பயன், மாத்திரையே போதும் என்கிறார். கடைசியில் இரண்டு பேருமே இதய எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள். "எக்கோவும் ஆஞ்சியோவும் பார்த்தாகிவிட்டது, இது எதற்கு? 2016-ல் வைத்த ஸ்டென்ட் ஒன்று உள்ளே இருக்கிறது, அதைக் காந்தம் இழுத்துவிடாதா? கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.6, ஊசி போடலாமா?" இவைதான் அவர் கேட்பவை.

இதய எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. சொந்த ஊர் சேலம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அடைப்பு இன்னும் தெளிவாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதயத்தின் ரத்தக்குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான், அதுவும் துடிக்கிற இதயத்தின்மேல் ஆடிக்கொண்டே இருப்பவை. அடைப்பைப் பார்க்க ஆஞ்சியோவும் சி.டி. ஆஞ்சியோவும்தான் சரி. ஸ்டென்ட்டுக்குள் மறுபடி அடைத்திருக்கிறதா என்பதையும் எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியாது, உலோகம் இருக்கும் இடம் படத்தில் கருந்திட்டாகவே விழும்.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது தசையை. மேட்டூர் கால்வாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆஞ்சியோ என்பது வாய்க்காலை நடந்து பார்த்துவிட்டு, எந்த இடத்தில் மண் சரிந்து தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்வது. எக்கோ என்பது வரப்பில் நின்று பயிர் ஆடுகிறதா, சாய்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பது. சாய்ந்து கிடக்கிற பயிர் வாடியதா, கருகியதா என்பது இரண்டிலும் தெரியாது. வாடிய பயிருக்குத் தண்ணீர் விட்டால் நிமிரும். கருகியதற்கு எவ்வளவு விட்டாலும் வீண். உங்கள் அப்பாவின் இரண்டு டாக்டர்களும் மோதிக்கொள்வது சரியாக இந்த இடத்தில்தான்.

இதயத்தசையில் வாடிய நிலை என்று ஒன்று உண்மையாகவே உண்டு. ரத்தம் குறைவாக வரும்போது சில பகுதிகள் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு, சுருங்கும் வேலையை நிறுத்திவிடும். குறட்டைத் தூக்கம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எக்கோவில் அந்தப் பகுதி அசையாது, செத்தது போலவே தெரியும். பம்பிங் 28 என்ற எண்ணில் தூங்குகிற தசையும் இருக்கும், செத்த தசையும் இருக்கும். இரண்டும் எந்த அளவில் என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் இந்த ஸ்கேன்.

எப்படிப் பிரிக்கிறது? கடோலினியம் கலந்த மருந்தைக் கை நரம்பில் ஊசியாகச் செலுத்துவோம். அது ரத்தத்தோடு இதயத்தசைக்குள் போகும், ஆனால் உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. செல்களுக்கு நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியேறிவிடும். தசை செத்துத் தழும்பாகிவிட்ட இடத்தில் அந்த இடைவெளி பெரிது. மருந்து அங்கே தேங்கி நிற்கும், மெதுவாகத்தான் வெளியேறும். ஊசி போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு பளிச்சென்று வெள்ளையாகவும் விழும். இதயச் சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனம்தான். அதற்குள் உள்ளிருந்து வெளியே எத்தனை பங்கு வெள்ளையாகியிருக்கிறது என்பதைக்கூட இதில் பார்த்துச் சொல்ல முடியும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரேமண்ட் கிம் என்ற இதய மருத்துவரின் குழு 50 நோயாளிகளுக்கு, பைபாஸுக்கோ ஸ்டென்ட்டுக்கோ முன்னாலும் பின்னாலும் இந்தப் படத்தை எடுத்துப் பார்த்தது. முன்னால் சரியாக அசையாமல் இருந்தும் தழும்பே இல்லாத பகுதிகளில் 78 சதவீதம், ரத்த ஓட்டம் கிடைத்த பிறகு நன்றாக அசைய ஆரம்பித்தன. சுவரின் கனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தழும்பான 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று. இன்றைக்கும் நாங்கள் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் கால், அரை, முக்கால், முழுச்சுவர் என்று எழுதுவதற்கு அடிப்படை இந்த வேலைதான். பாதிக்குக் கீழே தழும்பு என்றால் தேற வாய்ப்பு உண்டு, முக்காலைத் தாண்டினால் ஏறக்குறைய இல்லை. நடுவில் இருப்பது நிச்சயமில்லாத பகுதி.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஸ்கேனே தீர்ப்பு எழுதிவிடும் என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். தசை உயிரோடு இருந்தால் அடைப்பை நீக்கு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்ற கணக்கு கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பெரிய ஆய்வுகளில் அது அவ்வளவு நேராக வரவில்லை. பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே இருந்த 1212 பேரை வைத்து நடந்த ஸ்டிச் ஆய்வில், பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பைபாஸ் செய்துகொண்டவர்களில் இறந்தவர்கள் 59 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 66 சதவீதம். பைபாஸுக்கு லாபம் இருந்தது. ஆனால் யாருக்கு அந்த லாபம் கிடைக்கும் என்பதைத் தசைக்கு உயிர் இருக்கிறதா என்ற சோதனையால் முன்கூட்டிப் பிரிக்க முடியவில்லை. (அதில் பயன்படுத்தியது அணு ஸ்கேனும் எக்கோவும், எம்.ஆர்.ஐ. அல்ல.) 2022-ல் பிரிட்டனில் 700 பேரை வைத்து ரிவைவ்ட் என்ற ஆய்வு வந்தது. அவர்கள் எல்லோருமே பம்பிங் குறைந்து, உயிருள்ள தசை இருப்பதாகச் சோதனையில் தெரிந்தவர்கள். அவர்களுக்கு ஸ்டென்ட் வைத்ததால் மரணமோ இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதோ குறையவில்லை.

அப்படியானால் ஸ்கேன் வீணா? என் கருத்தில் வீண் இல்லை. பைபாஸ் செய்யலாமா என்பதை வயது, சர்க்கரை, கிட்னி, குழாய்களின் நிலை எல்லாவற்றையும் வைத்து இதய டாக்டரும் அறுவை டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்த மேசையில் எம்.ஆர்.ஐ. ஒரு சாட்சி, நீதிபதி அல்ல. முன்சுவர் முழுக்கத் தழும்பு என்று வந்தால், அந்தக் குழாய்க்காக மட்டும் நெஞ்சைத் திறப்பதில் அர்த்தம் குறைவு என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிடும். மூன்று குழாய்க்கும் பின்னால் நிறைய உயிருள்ள தசை இருக்கிறது என்று வந்தால், 58 வயதுக்காரருக்கு பைபாஸ் பற்றித் தைரியமாகப் பேசலாம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் இதே ஸ்கேனில் கிடைக்கும். உங்கள் அப்பாவுக்கு இவைதான் ஒருவேளை அதிக முக்கியம்.

முதலாவது, ரத்தக்கட்டி. இதயத்தின் முன்பக்கமும் நுனியும் அசையாமல் கிடந்தால் ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். எக்கோவில் நுனிப்பகுதி பல பேருக்குச் சரியாகத் தெரியாது, சுவரோடு ஒட்டிய சின்னக் கட்டி தப்பிவிடும். கடோலினியம் போட்ட படத்தில் ரத்தம் ஓடாத கட்டி கன்னங்கரேல் என்று தனியாகத் தெரியும். பைபாஸா மாத்திரையா என்ற சண்டைக்காக எடுத்த ஸ்கேனில், யாரும் எதிர்பார்க்காத கட்டி தெரிந்து, அன்றைக்கே ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை ஆரம்பித்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பம்பிங் எண். எக்கோவில் ஒருவர் 28 என்பார், அடுத்த வாரம் இன்னொருவர் 35 என்பார். எம்.ஆர்.ஐ. இதயத்தை மேலிருந்து கீழ்வரை வில்லை வில்லையாகப் படம் பிடித்து, இதயம் விரிந்திருக்கும்போது எவ்வளவு ரத்தம், சுருங்கும்போது எவ்வளவு என்று கூட்டிக் கணக்கிடுகிறது. இந்த அளவீட்டில் இதைவிட நம்பகமான முறை இன்றைக்கு இல்லை. பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே நிலைத்துவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்க ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவி வைக்கலாமா என்ற பேச்சு வரும். அந்த 35 என்ற கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா? இன்னொன்று, கருவி வைக்க வேண்டிவந்தால் எம்.ஆர்.ஐ. அதற்கு முன்னால் எடுப்பதே நல்லது. வைத்த பிறகு எடுக்க முடிந்தாலும் கருவியின் நிழல் படத்தில் பாதியை மறைத்துவிடும்.

உங்கள் கேள்விக்கு நேராகச் சம்பந்தமில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. தழும்பு எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது சில நோயாளிகளுக்கு உயிர்காக்கும் செய்தி. குழாய் அடைப்பால் வரும் தழும்பு எப்போதும் சுவரின் உட்பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே பரவும், ஏனென்றால் ரத்தத்துக்கு முதலில் தவிப்பது உட்பக்கத் தசை. வெள்ளைக் கோடு சுவரின் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ இருந்தால் அது அடைப்பின் வேலை அல்ல. காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் நெஞ்சுவலி என்று வரும் இருபது வயதுப் பையனுக்கு ஈ.சி.ஜி. மாறியிருக்கும், இதயத்தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் ஏறியிருக்கும், ஆஞ்சியோ மட்டும் சுத்தமாக இருக்கும். வீட்டில் எல்லோரும் அட்டாக் என்று நடுங்கிப்போவார்கள். எம்.ஆர்.ஐ.யில் வெளிப்பக்கம் மட்டும் வெள்ளையாகவும் தசையில் நீர் கோத்தும் இருந்தால் அது தசை அழற்சி. வாழ்நாள் முழுக்க அட்டாக்காரர் என்ற முத்திரை அவனுக்குத் தேவையில்லை. பரம்பரையாக இதயச் சுவர் தடிக்கும் நோயிலும் அப்படித்தான். தழும்பு அதிகமானால் திடீர் மரண ஆபத்தும் அதிகம் என்பதால் இந்தப் படம் சிகிச்சையையே மாற்றும். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தைகளுக்கு ஊசியே இல்லாமல் இதயத்தில் சேர்ந்த இரும்பை அளந்துவிடலாம். டி-2 ஸ்டார் என்ற அந்த அளவு 20 மில்லி விநாடிக்குக் கீழே போனால் இரும்பு சேர்கிறது என்று அர்த்தம், 10-க்குக் கீழே போனால் ஆபத்து மிக நெருக்கத்தில். காசநோயால் இதய உறை இறுகிப்போனவர்களுக்கும், நீலக்குழந்தையாகப் பிறந்து அறுவை செய்துகொண்டு வளர்ந்தவர்களுக்கும் இது பெரிய உதவி.

சரி, ஸ்டென்ட்டுக்கு வருவோம்.

நம் ஊர்ப் பாத்திரக் கடையில் நல்ல எவர்சில்வரா என்று பார்க்கக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார்களே, நல்ல ரகத்தில் ஒட்டாது. ஸ்டென்ட்டும் அதேபோலக் காந்தத்தில் ஒட்டாத எவர்சில்வர் வகையிலோ கோபால்ட் குரோமியக் கலவையிலோ செய்தது. 2016-ல் வைத்த ஸ்டென்ட்டோடு 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு) மெஷின் எதிலும் தயங்காமல் படுக்கலாம். பைபாஸ் செய்தவர்களின் நெஞ்செலும்பைக் கட்டும் கம்பி, செயற்கை வால்வு இவற்றுக்கும் பொதுவாகப் பயமில்லை. ஸ்டென்ட் கார்டை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள். கவனம் வேண்டியவை பழைய பேஸ்மேக்கர், காதுக்குள் அறுவை செய்து வைக்கும் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றையும் மாடல் பார்த்து, செட்டிங்கை மாற்றி வைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

ஆனால் உங்கள் அப்பா மெக்கானிக் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஸ்டென்ட்டைவிடக் கண்தான் நினைவுக்கு வந்தது. கிரைண்டிங், வெல்டிங் செய்யும்போது கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததுண்டா? விழுந்ததை யாரோ ஊசி முனையால் எடுத்துவிட்டார்கள் என்ற கதை உண்டா? லேத் பட்டறை, கம்பிப் பட்டறை வேலைக்காரர்கள் நிறைய இருக்கும் ஊர் நம்முடையது. கண்ணுக்குள் தங்கிய ஒரு துணுக்கு காந்தத்தில் அசைந்தால் பார்வை போய்விடும். உண்டு என்றால் ஸ்கேனுக்கு முன் கண்குழிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் காந்தம் விளையாட்டல்ல. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்த பலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். படம் எடுக்காத நேரத்திலும், இரவில் அறை பூட்டியிருக்கும்போதும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018-ல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் பிடித்தபடி அந்த அறைக்குள் போன ஓர் இளைஞர் மெஷினுக்குள் இழுக்கப்பட்டு இறந்துபோனார். அதனால் சாவி, போன், பெல்ட், தாயத்து கோத்த அரைஞாண் எல்லாம் வெளியே. வெள்ளியைக் காந்தம் இழுக்காதுதான், ஆனால் உடம்பைச் சுற்றிய உலோக வளையம் ஸ்கேன் நேரத்தில் சூடாகும். நெஞ்சில் ஒட்டும் மருந்துப் பட்டை போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், சிலவற்றின் பின்னால் உலோகத் தாள் இருக்கும், தோல் வெந்துவிடும்.

கிட்னி. கிரியேட்டினின் 1.6 என்றால், 58 வயது ஆணுக்கு வடிகட்டும் திறன் கணக்குப்படி ஏறக்குறைய 50 வரும். கடோலினியத்துக்குக் கவலைப்பட வேண்டிய எல்லை 30. அதற்குக் கீழே, முக்கியமாக டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய் இந்த மருந்தால் வருகிறது என்று 2006-ல் தெரியவந்தது. இப்போது வளைய வடிவ மூலக்கூறு கொண்ட மருந்துகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஆஞ்சியோவில் போடும் அயோடின் டை வேறு, இது வேறு. உங்கள் அப்பாவுக்குப் போடலாம் என்றே நினைக்கிறேன். போன மாதத்து 1.6-ஐ நம்பாமல், ஸ்கேனுக்கு முன் ஒரு புது ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

எங்கே எடுப்பது என்பதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். மூளைக்கும் முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கிற எல்லா இடத்திலும் இதயத்துக்கு எடுக்க முடியாது. துடிக்கிற இதயத்தைப் படம்பிடிக்க ஈ.சி.ஜி.யோடு மெஷினை இணைத்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே தருணத்தைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். அதற்கான மென்பொருள், சிக்னலைப் பிடிக்க நெஞ்சின்மேல் வைக்கும் காயில், பழகிய டெக்னீஷியன், படிக்கத் தெரிந்த டாக்டர் நான்கும் வேண்டும். ஒருமுறை ஒரு சென்டரில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களின் டிஸ்க்கோடு ஓர் அம்மா என்னிடம் வந்தார். படம் முழுக்கக் கலங்கல், தழும்புக்கான படமே எடுக்கவில்லை. நகை அடகு வைத்துக் கட்டிய பணம். அவரை மறுபடி எடுத்து வரச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "மாதத்துக்கு எத்தனை இதய எம்.ஆர்.ஐ. எடுக்கிறீர்கள், யார் ரிப்போர்ட் எழுதுகிறார்கள்" என்று போனிலேயே கேளுங்கள். தயங்கிப் பதில் சொன்னால் கோவைக்கோ வேலூருக்கோ போவது நல்லது. காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் வருமா என்று ஸ்கேன் எழுதிய ஆஸ்பத்திரியிலேயே முதலில் விசாரியுங்கள்.

அன்றைய தினம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். குழாய் போன்ற மெஷினுக்குள் மல்லாந்து படுக்க வேண்டும், தடதடவென்று சத்தம் கேட்கும், காதில் அடைப்பான் வைப்பார்கள். "மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள், ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி. படம் தெளிவாக வருவதில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது. பம்பிங் குறைந்தவருக்கு இது எளிதல்ல. ஒரு வாரம் முன்பிருந்தே காலையும் மாலையும் கட்டிலில் படுக்கவைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குங்கள். மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டுகிறது என்றால் அதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லுங்கள், நீர் பிரியும் மாத்திரையைச் சரிசெய்து சில நாள் கழித்து எடுக்கலாம்.

கடைசியாக, காப்பி. சீட்டில் "ஸ்ட்ரெஸ்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடினோசின் என்ற மருந்தைச் செலுத்தி, இதயத்தின் ரத்தக்குழாய்களை விரியவைத்து, எந்தத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று பார்ப்பார்கள். காப்பியில் உள்ள கஃபீன் அந்த மருந்தை வேலை செய்யவிடாது. ஸ்கேனுக்கு முந்தைய 24 மணி நேரம் காப்பி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. சுக்குக் காப்பியிலும் காப்பித்தூள் போடக் கூடாது. எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் விடியற்காலை ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவரை அன்றைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. தேதி கொடுத்தபோதே நான் அவரிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அடினோசின் ஒத்துக்கொள்ளாது. தழும்பு பார்ப்பதற்கான ஸ்கேன் மட்டும்தான் என்றால் ஸ்ட்ரெஸ் தேவையில்லை. அப்படியிருந்தால் காப்பித் தடை அவருக்குக் கிடையாது, அந்த சென்டரில் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.